மூணு 'டக்' கேட்டாத்தான் வண்டி கிளம்பும்!

அமெரிக்கா போயிட்டு வந்தேன்னு சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "மச்சான், நயாகரா பார்த்தியா?" இல்லை. "லிபர்ட்டி சிலை?" அதுவும் இல்லை. "அப்புறம் என்னத்தைத்தான்டா பார்த்தே?"

ஒரு பிக்-அப் டிரக்கோட அடிவயிற்றைப் பார்த்தேன். மூணு வாரம். மல்லாக்கப் படுத்துக்கிட்டு!

கதை இதுதான். சித்திக்குப் பிரசவம். பார்த்துக்க அம்மா கிளம்பினாங்க. ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு பெட்டி. ஆனா ஊறுகாய், பருப்புப் பொடி, சத்துமாவு, பிரசவ லேகியம்னு அம்மா போட்ட லிஸ்ட்டுக்கு நாலு பெட்டி தேவைப்பட்டது. ஆக, மிச்ச ரெண்டு பெட்டிக்காக நானும் ஏற்றுமதி ஆனேன். ஆறாவது செமஸ்டர் முடிஞ்ச லீவு. மெக்கானிக்கல். கையிருப்பு, ஒரே ஒரு அரியர்... கைனமேட்டிக்ஸ். அதுலயும் 'எபிசைக்ளிக் கியர் டிரெய்ன்' கணக்குன்னாலே எனக்குக் காய்ச்சல் வரும். அந்த அட்டவணையை மனப்பாடம் பண்ணி எழுதி, ரெண்டு தடவை மண்ணைக் கவ்வியவன் நான்.

போய் இறங்கிய ஊர் கொலம்பஸ். ஓஹையோ கொலம்பஸ் இல்லை பாஸ், இது இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ். இண்டியானாபொலிஸ் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 45 மைல். மொத்தமே 50 ஆயிரம் பேர்தான். சுத்திலும் சோளக்காடு, சோயாக்காடு. 'இந்த ஊர்ல நம்மாளுங்க ஏன் இவ்வளவு பேர் இருக்காங்க?'ன்னு முதல் நாளே சந்தேகம் வந்தது. சித்தப்பா ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: "டீசல்!"

உலகம் முழுக்க லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் எஞ்சின் செய்யும் கம்மின்ஸ் கம்பெனியின் சொந்த ஊர் இதுதான். 1919-ல் ஆரம்பித்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். இந்த ஊர் பேங்க்கர் டபிள்யூ.ஜி.இர்வின் வீட்டில் கார் டிரைவராக இருந்தவர். முதலாளிதான் முதல் போட்டார். வருஷக்கணக்கா லாபமே இல்லை. 1929 கிறிஸ்துமஸ் அன்னைக்கு, ஒரு பழைய பாக்கார்ட் காரில் டீசல் எஞ்சினை மாட்டி, முதலாளியை உட்கார வெச்சு ஒரு ரவுண்டு அடிச்சிருக்கார் கிளெஸ்ஸி. அசந்துபோன இர்வின் மறுபடியும் பணம் போட்டார். 1931-ல் இண்டியானாபொலிஸ் 500 மைல் ரேஸில் இவங்க டீசல் கார், நடுவில் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தது. வந்தது என்னவோ 13-வது இடம்தான். ஆனா, ஒரு தடவைகூட நிற்காமல் அந்த ரேஸை ஓடி முடித்த முதல் கார் அது!

ஊரும் சாதாரண ஊர் இல்லை. 1950-களில் இருந்து, பள்ளிக்கூடம் மாதிரியான பொதுக் கட்டடங்களுக்கு நல்ல ஆர்க்கிடெக்ட்டை வெச்சா அவருடைய ஃபீஸை நாங்க தர்றோம்னு கம்மின்ஸ் அறக்கட்டளை சொல்லிவிட்டது. விளைவு, சோளக்காட்டுக்கு நடுவில் ஐ.எம்.பெய் வடிவமைத்த நூலகம், ஈரோ சாரினென் வடிவமைத்த 192 அடி ஊசிக் கோபுரம் உள்ள சர்ச்! கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் ஒரு எஞ்சினை நட்டு, போல்ட் வரைக்கும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கம்பியில் தொங்கவிட்டிருக்காங்க. வெடிச்சுச் சிதறின நொடியில் அப்படியே உறைஞ்சு நிற்கிற மாதிரி இருக்கு. நான் வாயைப் பிளந்து பார்த்துட்டிருந்தப்ப சித்தப்பா கேட்டார்: "இதுல டைமிங் கியர் எங்கே இருக்கு, காட்டு பார்ப்போம்?"

எனக்குத் தெரியலை. மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்சவனுக்குத் தெரியலை. சித்தப்பா ஒண்ணும் சொல்லலை. அதுதான் ரொம்ப வலிச்சது.

அந்த வலியோட வீட்டுக்கு வந்தா, பக்கத்து வீட்டு ஷெட்டில் ஒரு டிரக் நாலு ஸ்டாண்டு மேல நிற்குது. ஒரு தாத்தா, ஒரு பேரன். தாத்தா லேத், மில்லிங் மெஷினோட வாழ்ந்து ரிட்டையர் ஆனவர். பேரனுக்கு 23 வயசு. வேடிக்கை பார்த்த என்னைத் தாத்தா கூப்பிட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நம்ம பாஷையில் சொன்னா, "தம்பி, சும்மா நிற்கிறதுக்கு அந்த டார்ச்சைப் பிடிக்கலாம்ல?" அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். எனக்கு வாய் வரவே இல்லை. கடைசி வரைக்கும் 'சார்'தான்!

வண்டி 2006 மாடல் டாட்ஜ் ராம். உள்ளே 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் டீசல். அந்த எஞ்சின் பிறந்த ஃபாக்டரி இதே ஊரின் தெற்குப் பக்கம். கம்பெனிக் கணக்குப்படி 325 குதிரைசக்தி. நம்ம பழைய மாருதி 800-க்கு 37. ஆக, ஒன்பது மாருதியை ஒண்ணா மாட்டின மாதிரி! இழுவைத் திறன் 610 அடி-பவுண்டு, அதாவது சுமார் 827 நியூட்டன் மீட்டர்.

இது போதாதுன்னு பேரன் ஒரு வேலை பண்ணினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ட்யூனர் ஒண்ணை வாங்கி ஒயரில் சொருகிவிட்டார். கூடுதலா டீசலைப் பீய்ச்சச் சொல்லி எஞ்சினை ஏமாற்றும் பெட்டி அது. உடனே 100 குதிரை எக்ஸ்ட்ரா. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா கறுப்புப் புகை கக்கும். இந்த ஊர் பசங்களில் சிலருக்கு அதுதான் கெத்து!

ஒரு மாசம் பறந்தார். அப்புறம் ஒருநாள் டிரெய்லரை மாட்டிக்கிட்டு மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்துது, வண்டி நகரலை. கருகின வாசனை. கியர் பாக்ஸ் ஆயில் பானைக் கழற்றினா, சிவப்பா இருக்க வேண்டிய ஆயில் டிகாக்ஷன் கலர்ல இருந்ததாம். அடியில் கிளட்ச் துகள் சேறு மாதிரி.

வண்டி செய்தவங்க மேல ஒரு தப்பும் இல்லை. 610-க்குன்னு செய்த கியர் பாக்ஸின் தலையில் அதுக்கு மேலே எத்தனையோ ஏத்தினா அது என்ன பண்ணும்?

விளையாட்டு வண்டியா இருந்தா பரவாயில்லை. இதே மாநிலத்தின் வட கோடியில் எல்கார்ட் என்று ஓர் ஊர். நாம டி.வி-யில் பார்க்கிற, வீட்டையே வண்டிக்குப் பின்னால இழுத்துட்டுப் போற கேம்பர் டிரெய்லர்களுக்குத் தலைநகரம் அது. ஃபாக்டரியில் இருந்து அவற்றை நாடு முழுக்கக் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, சொந்த டிரக் வெச்சிருக்கும் டிரைவர்கள் தேவை. பேரனுக்கு அந்த வேலை கிடைச்சிருந்தது. மூணு வாரத்துக்குள்ளே வண்டியோட வரணும். வரலைன்னா வேற ஆள். ஒர்க்ஷாப்பில் கேட்ட கூலியும் பார்ட்ஸும் சேர்த்து 7,000 டாலர். கையில் இருந்ததோ அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. "கூலி மிச்சம் பண்ணலாம். நாமே பிரிப்போம்"னு தாத்தா சொல்லிட்டார்.

அப்புறம் தினமும் காலையில் குழந்தை அழும் சத்தத்துக்கு எழுந்து, அம்மா தர்ற காபியைக் குடிச்சுட்டு வேலியைத் தாண்டுவேன். "அமெரிக்கா வந்தும் மெக்கானிக் ஷெட்டா?"ன்னு அம்மா தலையில் அடிச்சுக்கிட்டாங்க.

என்ன கழற்றினோம், என்ன மாற்றினோம்? கொஞ்சம் டெக்னிக்கல் பாடம். பயப்படாதீங்க, அரியர்காரன் சொல்றேன், புரியும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைங்க. ஒண்ணை மட்டும் ஓட விட்டா, அந்தக் காற்றில் இன்னொண்ணும் சுத்தும். காற்றுக்குப் பதிலா ஆயில்னு நினைச்சுக்கோங்க. ஆனா ஆயில் கொஞ்சம் நழுவும். நழுவினா சூடு. அதனால், வேகம் பிடிச்சதும் உள்ளே ஒரு கிளட்ச் தட்டு ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாப் பூட்டிவிடும். பேரன் ஏத்தின பலத்தில் அந்தப் பூட்டுதான் வழுக்கியது. வழுக்க வழுக்கச் சூடு, சூட்டில் ஆயில் கெட்டு, கெட்ட ஆயிலில் மற்ற கிளட்ச்சும் கருகி... வரிசையா எல்லாம் போச்சு.

புதுசா வாங்கினது மூணு தட்டு கன்வெர்ட்டர். ஏன் மூணு? கிளட்ச் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, ஆரம், அப்புறம் 'என்'... உரசும் பரப்புகளின் எண்ணிக்கை. விசையையும் ஆரத்தையும் ரொம்பக் கூட்ட முடியாது, இடம் இல்லை. அப்போ 'என்'னைக் கூட்டு! பரீட்சையில் ரெண்டு மார்க்குக்கு எழுதின அந்த 'என்', கனமா, ஆயில் பிசுபிசுப்போட என் கையில் இருந்தது.

கூடவே கெட்டியான இரும்பில் இன்புட் ஷாஃப்ட், கிளட்ச்சை இன்னும் பலமா அழுத்துற மாதிரி மாற்றின வால்வ் பாடி, ரெண்டாவது கியருக்கான பேண்டை இறுக்குற லீவர், பெரிய ஆயில் கூலர். எல்லாத்துக்கும் ஒரே நோக்கம்தான். வழுக்கக் கூடாது, சூடாகக் கூடாது.

இந்த வேலைக்கு நடுவிலதான் அது நடந்தது. தாத்தா ஒரு கியர் கொத்தைக் கழுவி, துடைச்சு, என் கையில் கொடுத்தார். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுத்தி சின்னச் சின்னதா சில சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். என் ஜென்ம விரோதி. எபிசைக்ளிக்!

"நடு சக்கரத்தைப் பிடிச்சுக்கோ. வளையத்தைச் சுத்து."

சுத்தினேன். சின்ன சக்கரங்களைத் தாங்குற கூடு மெதுவாச் சுத்தியது. "இப்போ கூட்டைப் பிடிச்சுக்கிட்டு வளையத்தைச் சுத்து." நடு சக்கரம் தலைகீழாச் சுத்தியது. "அதுதான் ரிவர்ஸ் கியர்." ரெண்டை ஒண்ணாச் சேர்த்துப் பிடிச்சா மொத்தமும் ஒரே கட்டியாச் சுத்தியது. "அது நேர் கியர். எதைப் பிடிக்கிறே, எதை விடறேங்கிறதுதான் கியர் பாக்ஸ். கிளட்ச்சும் பேண்டும் உன் கை மாதிரி. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! அந்த அட்டவணையின் முதல் வரியில் 'ஆர்மை நிறுத்து'ன்னு வருமே... அது இந்தக் கூட்டை விரலால் பிடிக்கிறதுதானா? ரெண்டு வருஷமா நான் மனப்பாடம் பண்ணினது இதையா? சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. தாத்தாவுக்குப் புரியலை. கியர் கொத்தை வாங்கிக்கிட்டு, கை துடைக்கத் துணி கொடுத்தார்.

அடுத்தது டீசல் பக்கம். இதுக்கு நம்ம வீட்டு சம்ப் மோட்டார் உதாரணமே போதும். சம்ப்பில் இருந்து தண்ணி வந்தாத்தானே மாடியில் இருக்கும் பிரஷர் பம்ப் வேலை செய்யும்? வண்டியிலும் அப்படித்தான். டேங்க்கில் இருந்து டீசலைத் தள்ளி விட லிஃப்ட் பம்ப். அதை வாங்கி நெருக்கி அழுத்த உயர் அழுத்த பம்ப். எவ்வளவு அழுத்தம்? கார் டயரில் நாம அடிக்கிற காற்று சுமார் 32 பி.எஸ்.ஐ. இந்த எஞ்சினின் ரயிலில் டீசல் நிற்கிற உச்ச அழுத்தம் சுமார் 23 ஆயிரம் பி.எஸ்.ஐ!

ட்யூனர் 'இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து'ன்னு கேட்க, கீழே இருக்கும் பம்பால் அவ்வளவு தள்ள முடியலை. ஃபுல்லா மிதிச்சா லிஃப்ட் பம்பின் அழுத்தம் படுத்துடும். மேலே இருக்கும் பம்ப் காய்ஞ்சு உரச ஆரம்பிக்கும். அதனால் சட்டத்தின் மேல மாட்டுற மாதிரி மணிக்கு 150 கேலன், அதாவது சுமார் 570 லிட்டர் தள்ளும் பம்ப் மாட்டினோம். எஞ்சின் அவ்வளவும் குடிக்காது. மிச்சம் டேங்க்குக்கே திரும்பிடும். ஆனா 'பத்தலை'ங்கிற பேச்சு வராது. கூடவே தண்ணியைப் பிரிக்க ஒரு ஃபில்டர், 2 மைக்ரான் தூசியைப் பிடிக்க இன்னொண்ணு. நம்ம தலைமுடி ஒண்ணே சுமார் 70 மைக்ரான். அவ்வளவு அழுத்தத்தில் ஊசித் துளை வழியா டீசல் பாயும்போது சின்னத் தூசிகூட உப்புத்தாள் மாதிரி அரிச்சிடுமாம்.

ஒரு சாயங்காலம் சித்தப்பாவும் ஷெட்டுக்கு வந்தார். அவருக்கு எஞ்சின் புகை சம்பந்தமான வேலை. மேஜை மேல இருந்த ட்யூனரைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. திரும்பி நடக்கும்போது சொன்னார்: "புகைக் கட்டுப்பாட்டை ஏமாத்துறது இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம்டா. கலிஃபோர்னியா காற்று வாரியம் சோதிச்சு நம்பர் கொடுத்த சாமான்களும் இருக்கு. அதை மாட்டினா பிரச்னை இல்லை. ஆனா கறுப்பாக் கக்குறது பவர் இல்லை, எரியாத டீசல். அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தையும்தான் சுவாசிக்கும்."

பக்கத்து வீட்டுக் குழந்தைன்னா, எங்க சித்தி பெத்த குட்டிப் பாப்பாதான்!

சின்னப் பசங்க மட்டும் இல்லை. ஊருக்கே பெருமையான அந்தக் கம்பெனியும் 2013 முதல் 2019 வரையிலான ராம் டிரக் எஞ்சின்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததா எழுந்த குற்றச்சாட்டில், 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கிட்டது. தவறு செய்ததா அவங்க ஏத்துக்கலை. ஆனாலும் சுத்தமான காற்றுக்கான சட்டத்தின் கீழ் இதுதான் அதுவரைக்கும் விதித்ததிலேயே பெரிய சிவில் அபராதம். சித்தப்பா இதைச் சொல்லும்போது குரல் இறங்கிப் போச்சு. சொந்த ஊர்னு ஆனப்புறம் அதோட பெருமை மட்டும் நம்மளுது, மத்தது வேற யாருடையதோன்னு சொல்ல முடியாதில்லையா!

கெடு முடிய ரெண்டு நாள். கியர் பாக்ஸ் ரெடி. கன்வெர்ட்டரை உள்ளே தள்ளிச் சுத்தணும். "மூணு தடவை 'டக்'குனு உள்ளே இறங்கணும். எண்ணிக்கோ" என்றார் தாத்தா. ஷாஃப்ட்டுக்கு ஒண்ணு, நடுவில் இருக்கும் ஸ்டேட்டருக்கு ஒண்ணு, ஆயில் பம்புக்கு ஒண்ணு. அவர் ஆயில் எடுக்க உள்ளே போனார். பேரன் சுத்தினார். 'டக்'. மறுபடி 'டக்'. "உட்கார்ந்துடுச்சு. தூக்கு!"

எனக்கு ரெண்டுதான் கேட்டது. சொல்லலாமா? அவர் ஊரு, அவர் வண்டி, என்னைவிட மூணு வயசு பெரியவர். நான் டைமிங் கியர் எதுன்னே தெரியாதவன். எச்சிலை முழுங்கிட்டுச் சொன்னேன்: "எனக்கு ரெண்டுதான் கேட்டுச்சு."

முறைச்சார். "நேரம் இல்லை"ன்னார். அப்புறம் என்ன தோணிச்சோ, ஸ்கேலை எடுத்து அளந்தார். முக்கால் அங்குலம் குறைஞ்சது. அப்படியே போல்ட் போட்டு இறுக்கியிருந்தா ஸ்டார்ட் பண்ற நொடியில் ஆயில் பம்ப் நொறுங்கியிருக்கும். மறுபடி தூக்கிப் பிடிச்சு, மெதுவா ஆட்டி ஆட்டிச் சுத்தினார்.

'டக்'.

அந்த 'டக்' சத்தம் இருக்கே... எந்த ரிசல்ட் நாளிலும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

மறுநாள் ட்ரையல். ஊருக்கு மேற்கே 46-ம் நம்பர் சாலை. சோளக்காடு முடிஞ்சு காட்டு மேடு தொடங்குற இடம். வழியில் ஓர் ஊருக்குப் பேரே 'நா போன்'. எலும்பைக் கடின்னு அர்த்தம்! பின்னால தாத்தாவின் டிரெய்லர். ட்யூனர் இல்லை. கம்பெனி கொடுத்த அதே 325 குதிரை. மேட்டில் மிதிச்சப்ப டீசல் அழுத்த முள் ஆடாமல் நின்னது. 'ரெவ்' முள் ஏறலை. வண்டி ஏறிச்சு. கண்ணாடியில் பார்த்தா பின்னால புகை இல்லை, பச்சை மரம் மட்டும்தான்.

கீழே வந்ததும் தாத்தா ட்யூனரை எடுத்துப் பேரன் கையில் கொடுத்தார். "இப்போ கியர் பாக்ஸ் தாங்கும். மாட்டறதும் மாட்டாததும் உன் இஷ்டம்." பேரன் கொஞ்ச நேரம் அதைக் கையில் உருட்டினார். டூல் பெட்டியின் கடைசி டிராயரில் போட்டு மூடினார். "முதல்ல ஒரு வருஷம் சம்பாதிக்கிறேன்." அப்புறம் மாட்டுவாரா? தெரியாது. ஆனா அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் எல்கார்ட் கிளம்பிப் போனார். ஹாரன் சத்தத்தில் பாப்பா முழிச்சு அழுதது. சித்திக்குத்தான் கோபம்!

ஊருக்குத் திரும்புறப்ப பெட்டி நாலும் காலி. அதில் ஒண்ணில் தாத்தா கொடுத்த பரிசு. கருகிப் போன பழைய கிளட்ச் தட்டு. செய்தித்தாளில் சுத்தி வெச்சிருந்தேன். ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் கேள்வி கேட்டாங்க. "சார், நான் மெக்கானிக்கல் ஸ்டூடண்ட்" என்றேன். இதுவரைக்கும் அதை இவ்வளவு தைரியமா நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லை.

இந்த நவம்பரில் மறுபடியும் கைனமேட்டிக்ஸ் எழுதினேன். எபிசைக்ளிக் கணக்கு வந்தது. அட்டவணை மறந்துபோச்சு. கண்ணை மூடி, கூட்டை விரலால் பிடிச்சுக்கிட்டு வளையத்தைச் சுத்தினேன். விடை வந்தது. ரிசல்ட் இன்னும் வரலை.

தட்டு என் ஹாஸ்டல் மேஜை மேல இருக்கு. பக்கத்துல வந்தா இன்னும் கருகின வாசனை. 'ஏன்டா இந்தக் குப்பையை வெச்சிருக்கே?'ன்னு ரூம்மேட் கேட்கிறான். நயாகரா போயிருந்தா ஒரு போட்டோதான் மாட்டியிருப்பேன் மச்சான்!